கோடைப் பக்கம்

சித்திரை முதல் நாள். பூமியின் தென்பாதியிலுள்ள இந்த ஹரிஸ் பார்க்கில் மரங்கள் இலை உதிர்க்கின்றன. கோயிலில் புத்தாண்டுப் பாட்டுப் பாடிவிட்டுத் திரும்பும் வழியில், கம்பளிச் சால்வையோடு ஒரு பலகாரக் கடையில் ஒதுங்குகிறேன். யாழ்ப்பாணத்தவரான கடைக்கார அம்மையார் சுவரில் தொங்கும் நீண்ட மரக்கோலைக் கழற்றுகிறார். நோர்வேயில் வாழ்ந்தபோது வாங்கிய நாட்கோலாம்; நாளுக்கொரு வெட்டு. கையுறை செதுக்கிய பக்கம் குளிர்காலம், தளிர்த்த மரம் செதுக்கிய பக்கம் கோடை. அங்கே கோடை தொடங்கும் நாள் இன்றுதானாம்; கோடைப் பக்கம் தெரியும்படி அதைத் திருப்பி மாட்டுகிறார்.

"இங்கே குளிரல்லவா தொடங்குகிறது, அம்மா?"

"ஓம் ஐயா, தெரியும். மகள் இன்னும் அங்கதான். மாசக்கணக்கில சூரியன் வராத ஊர். குளிர் துவங்கினால் ஒருத்தரோடயும் கதையாள், ஃபோனும் எடுக்காள். இதைத் திருப்பிப் போட்டுத்தான் நான் திரும்பவும் அவளுக்கு ஃபோன் எடுத்துப் பாக்கிறனான்."

ஃபோனில் மகளின் எண்ணை அழுத்துகிறார். மணி நெடுநேரம் அடிக்கிறது. எனக்கு வைத்த தட்டிலுள்ள வாழைப்பழ வாய்ப்பனை நான் தொடவில்லை.

"அம்மா" என்று ஒரு தூக்கக் குரல் கேட்கிறது.

அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்புகிறார். "சால்வையைக் கழட்டுங்கோ ஐயா, கோடை வந்திட்டுது."

கழற்றி மடியில் வைக்கிறேன். காலையில் சன்னிதியில் குளிரில் நடுங்கிக்கொண்டே இளவேனிலைப் பாடினேன். யாருக்காகப் பாடினேன் என்பது இப்போது தெரிகிறது.