தண்டவாளத்தில் நிற்காத கார்

அத்தைக்குச் சிறுவயதிலேயே போலியோவில் இடது கால் சூம்பிவிட்டது. அந்தக் காலால் கிளட்சை மிதிக்க முடியாது. அதனால்தான் கிளட்சே இல்லாத ஆட்டோமேட்டிக் கார் ஒன்றைத் தேடிப் பிடித்தாள். தொண்ணூறுகளில் புனேயில் அப்படி ஒரு காரைப் பார்ப்பதே அபூர்வம். ராணுவ டாக்டர் ஒருவர் எப்போதோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து, மாற்றலாகிப் போகும்போது விற்ற பழைய வண்டி அது.

அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. அவருடைய தங்கையான அத்தைக்குக் கல்யாணம் ஆகவில்லை. கோர்படி ரயில்வே காலனியில் எங்களோடுதான் இருந்தாள். காலையில் என்னைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுவிட்டு கேம்ப் பகுதியில் இருந்த பேங்குக்குப் போவாள். சாயங்காலம் அவளோடுதான் திரும்புவேன்.

எனக்கோ அந்தக் கார் பிடிக்காது. காலனிப் பெண் பிள்ளைகள் எல்லாம் ரிக்‌ஷா காக்கா என்று மராத்தியில் சித்தப்பா முறை வைத்து நாங்கள் கூப்பிடும் டிரைவரின் ஆட்டோவில் ஒருத்தி மடியில் ஒருத்தியாக, பாட்டும் கூச்சலுமாகப் போவார்கள். நான் மட்டும் பின்சீட்டில் மகாராணி மாதிரி தனியாக.

நான் நான்காவது படித்த வருஷம், மழைக்காலம் முடியும்போது கார் மக்கர் பண்ண ஆரம்பித்தது. கிளம்பும்போது ஒழுங்காக ஓடும். சூடேறியதும், ஆக்சிலேட்டரை அழுத்தினால் உறுமல் மட்டும் கூடும், வண்டி நகராது. அப்பா ஒரு மெக்கானிக்கை அழைத்துவந்தார். அவர் இன்ஜினை அணைத்துவிட்டு, கியர்பாக்ஸ் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவிப் பார்த்தார். ஆயில் நிறைய இருக்கிறது, கியர்பாக்ஸே போய்விட்டது, இதற்கெல்லாம் சாமான் கிடைக்காது என்றார்.

காரோடு வந்த புத்தகத்தை அத்தை ஒரு வரி விடாமல் படித்திருந்தாள். இன்ஜின் ஓடும்போதுதான் அளவு பார்க்க வேண்டும், நிறுத்தினால் ஆயில் கீழே இறங்கி நிறைய இருப்பதுபோலக் காட்டும் என்று அவரிடம் இந்தியில் சொன்னாள். மெக்கானிக் அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். அப்பாவும் சிரித்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தை தானே இன்ஜினை ஓடவிட்டுக் கம்பியை உருவினாள். நுனிகூட நனையவில்லை. வண்டிக்கு அடியில் விரித்திருந்த அட்டையில் சிவப்பாகச் சொட்டியிருந்தது.

“பாத்தியா, ஆயில் போற ரப்பர் குழாய்லதான் வெடிப்பு. கியர்பாக்ஸுக்கு ஒண்ணும் ஆகல,” என்றாள் என்னிடம். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததில்லை.

அந்த ஆயில் புனேயில் கிடைக்கவில்லை. மும்பை போகும் பேங்க் சிநேகிதியிடம் ஆயிலும் குழாயும் வாங்கிவரச் சொல்லிவிட்டு, ஒரு வாரம் பொறுக்கும்படி அப்பாவைக் கேட்டுக்கொண்டாள்.

அந்த வாரமே ஒருநாள் சாயங்காலம், ரயில்வே கேட்டுக்கு நூறடி முன்னால் கார் நின்றுவிட்டது. பின்னால் ஒரே ஹாரன். டெம்போக்காரர் ஒருவர் தலையை வெளியே நீட்டி மராத்தியில் திட்டினார். அத்தை பதறவில்லை. இன்ஜினை அணைத்து, கொஞ்ச நேரம் ஆறவிட்டு மறுபடி கிளப்பினாள். கார் மெதுவாகக் கேட்டைத் தாண்டி வீடு வந்து சேர்ந்தது. நடந்தது இவ்வளவுதான்.

ஏன் இவ்வளவு நேரம் என்று அப்பா கேட்டார்.

“கார் தண்டவாளத்து மேலயே நின்னுடுச்சுப்பா,” என்றேன்.

சற்றுப் பெரிதாகச் சொன்னால் என்னை ரிக்‌ஷாவில் அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். அந்த வார்த்தை ஒரு ரயில்வேக்காரர் காதில் எப்படி விழும் என்று நினைக்கவில்லை. அப்பாவின் முகம் வெளுத்துப்போனது.

“நிஜமாவா?” என்று அத்தையிடம் கேட்டார்.

அத்தை என்னைப் பார்த்தாள். நான் குனிந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தேன். நானே சொல்லட்டும் என்று அவள் காத்திருந்திருக்க வேண்டும். பொய் சொன்னால் அப்பா பெல்ட்டை எடுப்பார் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும்.

“குழந்தை ரொம்பப் பயந்துட்டா. இனிமே ஓட்டலண்ணா,” என்றாள்.

இரண்டே நாளில் அதே மெக்கானிக் பழைய இரும்பு விலைக்குக் காரை எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் மும்பையிலிருந்து ஆயில் டப்பா வந்தது. எனக்கு ரிக்‌ஷா காக்காவின் ஆட்டோவில் இடம் கிடைத்தது. அத்தையும் பேங்குக்கு ஆட்டோவில் போக ஆரம்பித்தாள். ஏறும்போதும் இறங்கும்போதும் முன்பின் தெரியாத டிரைவர் யாராவது கையைப் பிடித்துவிட வேண்டியிருந்தது.

தீபாவளி கழிந்து ஒருநாள், பள்ளிக்கூட வாசலில் அந்தக் காரைப் பார்த்தேன். மெக்கானிக்தான் ஓட்டிவந்திருந்தார். ஓடிப்போய்க் கேட்டேன். குழாயும் ஆயிலும் மாற்றினேன், வேறொன்றும் செய்யவில்லை என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, “அத்தை, உங்க கார் சூப்பரா ஓடுது! நீங்க சொன்ன மாதிரியே குழாய்தானாம்!” என்று கத்தினேன்.

அத்தை புடவை மடித்துக்கொண்டிருந்தாள். “நிறுத்திட்டு எடுத்தப்போ உடனே நகந்துச்சா?”

“உடனே.”

“உறுமல்?”

“இல்லவே இல்ல அத்தை. சீட்டுக்குக்கூடப் புது உறை போட்டிருக்காங்க!”

அத்தை தலையை ஆட்டினாள். மடித்து முடித்த புடவையையே பிரித்து மறுபடி மடிக்க ஆரம்பித்தாள். தான் சொன்னதே சரியாகிவிட்டதில் அத்தைக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு நான் விளையாடப் போய்விட்டேன்.