குஞ்சில்லாத மட்டிகள்

செம்பூரில் நான் வேலை பார்க்கும் பரிசோதனைக்கூடத்தில் ஒரு தொட்டி நிறைய மட்டிகள் வந்து இறங்கின. கடல் மட்டி இல்லை. ஏரியிலும் ஆற்றிலும் சேற்றில் புதைந்து கிடக்கும் கறுப்பு மட்டி. அவற்றை வலைக்கூண்டில் அடைத்து, கல்யாணுக்கு அப்பால் ஓடும் ஆற்றில் சில வாரங்கள் இறக்கி வைப்போம். மட்டி ஓயாமல் தண்ணீரை இழுத்து, வடித்து, வெளியே விடும். தண்ணீரில் குரோமியமோ ஈயமோ இருந்தால் சதையில் தங்கிவிடும். அந்தச் சதையைக் காயவைத்து, அமிலத்தில் கரைத்து அளப்பது என் வேலை.

என் கணவருக்குத் தாராவியில் பெல்ட் பக்கிள்களுக்குக் குரோமிய முலாம் போடும் பட்டறை. கழுவிய தண்ணீர் மஞ்சளாக எங்கள் வீட்டு வாசல் சாக்கடையில் ஓடும். மட்டி வேலை தொடங்கியபின், பஸ்ஸுக்குப் போக அதைத் தாண்டும்போதெல்லாம் கூண்டு மட்டிகள்தான் நினைவுக்கு வந்தன. ஒரு காலை கேட்டுவிட்டேன்.

"இந்தத் தண்ணிய வேற எங்கயாவது பிடிச்சு வைக்க முடியாதா?"

"நம்ம பட்டறை ஒண்ணுதானா? சந்து பூரா இப்படித்தான் விடுதாவ. தந்தா ஓடணும்லா, தொழில் நின்னா சோறு ஏது?"

அவர் பட்டறைக்குக் கிளம்பினார், நான் பஸ்ஸுக்கு.

ஒரு ஞாயிறு, கூண்டு தூக்க வரவேண்டியவருக்குக் காய்ச்சல். "நான் வாறேன்" என்றார் கணவர். கோயிலுக்குப் போய்விட்டு, இருவரும் லோக்கல் ரயிலில் கல்யாண் போய், அங்கிருந்து ஆட்டோ பிடித்து ஆற்றுக்குப் போனோம்.

ஆலைக் கழிவு ஓடை ஆற்றில் கலக்குமிடத்துக்கு மேலே ஒரு கூண்டு, கீழே ஒரு கூண்டு. மேல் கூண்டில் மட்டிகள் லேசாகத் திறந்திருந்தன. கை பட்டதும் மூடிக்கொண்டன. கீழ்க் கூண்டில் பாதி செத்து வாய் பிளந்து நாறின. மிச்சம் இறுக மூடிக் கிடந்தன.

"விஷம்னு தெரிஞ்சு மூடிக்கிடுதோ?" என்றார்.

"ஆமா. ஆனா மூச்சு விடணும்லா. எவ்வளவு நேரம் மூடிக்கிட்டு இருக்கும்?"

சற்றுத் தள்ளி ஒரு பெண் முழங்கால் தண்ணீரில் நின்று, காலால் சேற்றைத் தடவி, மட்டி பொறுக்கிக்கொண்டிருந்தாள். கூடையில் எல்லாமே பெரிய, கிழட்டு மட்டிகள். சின்னது கிடைப்பதில்லையா என்று ஹிந்தியில் கேட்டேன். வருஷக்கணக்காகக் கண்ணில் படவில்லை என்றாள்.

கணவருக்கு விளக்கினேன். மட்டிக் குஞ்சு பிறந்ததும் மீனின் செவுளில் ஒட்டிக்கொண்டு கொஞ்ச நாள் வளரும். மீன் போய்விட்டால் ஒட்ட இடமில்லை.

"அப்ப இந்தக் கிழடெல்லாம் செத்துட்டா?"

"அதோட சரி."

அவர் நேரே அவளிடம் போய், இதைச் சாப்பிடாதே, விஷம் என்றார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். "கொட்டறவங்ககிட்டப் போய்ச் சொன்னீங்களா?" என்று ஹிந்தியில் கேட்டுவிட்டு மறுபடி குனிந்தாள். திரும்பும் ரயிலில் தன் நகக்கண்களில் படிந்த மஞ்சளையே தேய்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மாதம் முலாம் தொட்டிகளை மூடினார். இப்போது பக்கிளுக்கு ஊசி மாட்டும் வேலை மட்டும். ஆனால் முலாம் வேலை பக்கத்துச் சந்துக்குப் போயிற்று. அங்கிருந்தும் தண்ணீர் அதே சாக்கடையில்தான் விழுகிறது. "நிறுத்தி என்ன கண்டோம்?" என்று சில காலைகளில் கேட்கிறார். கோபமாகக் கேட்டால்கூட ஏதாவது சொல்லலாம். சாதாரணமாகக் கேட்கிறார், என்னால் உட்கார முடிவதில்லை.

அடுத்த முறை ஆற்றுக்குப் போனபோது அந்தப் பெண்ணிடம் கீழ்க் கூண்டு மட்டிகளில் அளந்த குரோமிய அளவுகளைச் சொன்னேன். எண்கள் வேண்டாம் என்றாள். வேகவைத்தால் போய்விடுமா என்பது மட்டுமே அவள் கேள்வி.

"போகாது."

அவள் கூடையைத் தண்ணீரில் கவிழ்த்துவிட்டு, ஓடை கலக்குமிடத்துக்கு மேல்பக்கம் மட்டி பொறுக்க நடந்தாள். நானும் கூடவே நடந்தேன். மேல் கூண்டு மட்டிகளிலும் கொஞ்சம் குரோமியம் இருந்தது. கீழே இருந்ததைவிடக் குறைவுதான், ஆனாலும் இருந்தது. அதையும் அவளிடம் சொன்னேன். அவள் நடையை நிறுத்தவில்லை.