கேள்வியம்மா வைத்த பரீட்சை

கேள்வியம்மா மேல் லிஃப்ட்காரருக்கு ஒரு கோபம். வருஷக்கணக்காக ஆறாமல் கிடந்த கோபம். செத்துப்போன தம்பியின் குரலை மிஷினுக்குப் போட்டுக் காட்டினாளே, அதைக்கூட அவர் ஒருவழியாக விழுங்கிக்கொண்டார். கட்டின பெண்டாட்டியைப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்துக் கேட்கச் செய்தாளே, அதுதான் தொண்டையில் நின்றது.

அவருடையது லிஃப்ட் ரிப்பேர் கடை; பின்கட்டில் வீடு. தம்பிதான் கைராசிக்கார மெக்கானிக். கடையில் போன் எடுத்தது அண்ணி, அதாவது லிஃப்ட்காரரின் மனைவி. கொழுந்தனும் அண்ணியும் சேர்ந்தால் வாய் ஓயாது. வேலை விஷயம் பேசினாலும் பாதி கிண்டல்தான்.

ஒருநாள் ஒரு கிடங்கில் சரக்கு லிஃப்ட் ரிப்பேர். மூட்டையோடு நின்ற பெட்டிக்கு அடியில், பள்ளத்தில் இறங்கி வேலை பார்த்தான் தம்பி. மேலே பிரேக் நழுவிப் பெட்டி மெல்ல இறங்க ஆரம்பித்தது. அவன் ஏறி வரும் வழியையும் அதுவே அடைத்துவிட்டது. கையில் போன் இருந்தது. கிடங்கு வாட்ச்மேனின் நம்பர் கடையில்தான் இருந்தது.

"அண்ணி, வாட்ச்மேனை மாடிக்கு ஓடிப்போய்ப் பிரேக்கைப் பிடிக்கச் சொல்லுங்க. இந்த லிஃப்ட் என்னை மிதிக்கப் பாக்குது. உங்க கொழுப்பு அதுக்கும் ஒட்டிக்கிச்சு."

"நல்லா நாலு மிதி வாங்கு. அப்பவாவது வாய் அடங்கும்."

"சீக்கிரம் அண்ணி. அப்புறம் உங்க சமையலைக் குறை சொல்ல ஆள் இருக்காது."

அவள் சிரித்தாள். அதற்குள் இன்னொரு போன் அடித்தது. அதைப் பேசி முடித்துவிட்டு வாட்ச்மேனைக் கூப்பிட்டாள். அதற்குள் தம்பியின் வாய் அடங்கியிருந்தது.

வாடிக்கைக்காரர்கள் சொன்னதை இல்லையென்று சாதிப்பார்கள் என்பதால் கடையில் எல்லாப் பேச்சும் பதிவாகும். இதுவும் பதிவாகிவிட்டது.

பிறகு அவள் போன் பக்கமே போகவில்லை. தட்டில் போட்டது போட்டபடி கிடக்கும். சுவரைப் பார்த்து "சிரிச்சேனே, சிரிச்சேனே" என்பாள். கடையில் போன் அடித்து அடித்து ஓயும். அந்த நேரம் பார்த்து, போனை எடுத்துப் பேசும் ஏ.ஐ. மிஷின் இருக்கிறது என்று ஆள் மாற்றி ஆள் வந்து நின்றார்கள். லிஃப்ட்காரர் ஆறாம் வகுப்போடு முழுக்குப் போட்டவர். எதைத் தொட்டால் எது கடிக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? பக்கத்துப் பேட்டரிக் கடைக்காரர்தான் சொன்னார், எந்தக் கம்பெனியையும் சேராத ஆலோசகர் ஒருத்தி இருக்கிறாள், விற்கிறவனிடம் பத்துப் பைசா வாங்க மாட்டாள், அவளைக் கேள் என்று.

வந்தாள். நாற்பதைத் தாண்டிய ஒல்லி உடம்பு, பழைய ஸ்கூட்டர், வெயிலில் சாயம் போன தோள்பை. ஜெராக்ஸ் கடை மாடியில் ஒற்றை அறைதான் அவளுடைய ஆபீஸ். வந்தவள் எந்த மிஷினைப் பற்றியும் பேசவில்லை. ஒவ்வொரு மெக்கானிக் பக்கத்திலும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, இதை ஏன் செய்கிறீர்கள், அதை ஏன் விட்டீர்கள் என்று குடைந்தாள்.

"மேடம், நான் தும்மினாக்கூட ஏன் தும்மினேன்னு கேப்பீங்க போல" என்றான் ஒருவன்.

"ஏன் தும்மினீங்க?"

அன்றோடு அவளுக்குக் கேள்வியம்மா என்று பேர் விழுந்தது.

முன்னே பெரிய கம்பெனியில் இதே மாதிரி மிஷின் விற்றவள்தான். ஏன் விட்டாய் என்று லிஃப்ட்காரர் ஒருதரம் கேட்டார். "விக்கிறப்ப நல்ல நாளை மட்டும் போட்டுக் காட்டுவோம்ணே. ஒரு முதியோர் இல்லத்துக்கு அப்படி வித்தோம். அங்க ஒரு பெரியவர் போன் பண்ணி, அவசரம் ஒண்ணுமில்ல, எந்திரிக்கத்தான் முடியலன்னாரு. மிஷின் அவசரமில்லன்னு எழுதிக்கிச்சு." அந்தப் பெரியவர் பிழைக்கவில்லை.

அதிலிருந்து அவளுக்கு ஒரே ஒரு வழிதான். எந்தக் கடைக்குப் போனாலும், "உங்களுக்கு வந்ததிலேயே மோசமான நாளைக் கொடுங்க" என்பாள். அதைத்தான் ஒவ்வொரு மிஷினுக்கும் போட்டுப் பார்ப்பாள். லிஃப்ட்காரர் கடையிலும் கேட்டாள். மெக்கானிக்குகள் அந்தப் பதிவை எடுத்துக் கொடுத்தார்கள். உள்வாசலில் மனைவி வந்து நின்றாள். கேள்வியம்மா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்கக்கா" என்றாள்.

"அவ எதுக்கு?" என்றார் லிஃப்ட்காரர்.

"போனை எடுத்தது அவங்கதானே."

பல்லைக் கடித்துக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம் நடந்ததை மெக்கானிக்குகள் சொல்லித்தான் கேட்டுக்கொண்டார்.

தம்பி பேசியதை மட்டும் கேள்வியம்மா போட்டாள். முதல் மிஷின், புகாரைப் பதிந்தாயிற்று, நாளைக் காலை ஆள் வரும் என்றது. இரண்டாவது, அண்ணியின் சமையல் பற்றிய கருத்துக்கு நன்றி சொன்னது. மூன்றாவது சிரித்தது.

"மூணுக்குமே புரியலையா?" என்று கேட்டாளாம் மனைவி.

"புரியலக்கா."

"படிச்ச மிஷின்கதானே?"

"உலகத்துல உள்ளதையெல்லாம் படிச்சது."

மனைவி எழுந்து உள்ளே போனாள். அன்றைக்குச் சாப்பிட்டாள். லிஃப்ட்காரர் அதைக் கவனித்தார், ஆனால் எதனால் என்று யோசிக்கவில்லை. அவர் கோபத்தில் இருந்தார்.

கேள்வியம்மா தீர்த்துச் சொன்னாள்: வாடிக்கைக்காரர் புகாரை முதல் மிஷின் வாங்கட்டும். மெக்கானிக்குகள் கூப்பிட்டால் மட்டும் நேராக லிஃப்ட்காரர் சட்டைப்பையில் இருக்கும் போன் அடிக்க வேண்டும். "உள்ளுக்குள்ள மிஷினை மாத்திக்கிட்டே இருப்பாங்கண்ணே. மாத்தறப்பல்லாம் நான் வந்து திரும்பப் போட்டுப் பாக்கணும்."

வந்தாள், ஒவ்வொரு தடவையும். லிஃப்ட்காரரும் ஒவ்வொரு தடவையும் தெருவுக்குப் போனார். மனைவி உள்வாசலில் நின்று, "இந்தத் தடவையும் அப்படித்தானா?" என்பாள்.

"அப்படித்தான்க்கா."

தலையாட்டிவிட்டு உள்ளே போவாள். புண்ணைக் கிளறிப் பார்க்கிறாளே என்று லிஃப்ட்காரருக்கு ஆத்திரம் வரும்.

ஒருமுறை கம்பெனிக்காரன் ஒருவன், மிஷின் பாஸ் ஆகிவிட்டதாக மட்டும் சொல்லுங்கள் என்று கேள்வியம்மாவிடம் குழைந்தான். "என் வாய்ல பொய் வந்தா நாளைக்கு எவன் என்னைக் கூப்பிடுவான்? இடத்தைக் காலி பண்ணு" என்றாள். அந்த நேர்மையை லிஃப்ட்காரரும் ஒத்துக்கொண்டார். கோபம் மட்டும் கோபமாகவே இருந்தது.

பிறகு அவள் வருவது நின்றது. ரத்தத்தில் ஏதோ நோய், ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள் என்றார் பேட்டரிக் கடைக்காரர். அந்தச் சமயத்தில் கம்பெனியிலிருந்து புது மிஷின் வந்தது. இனி மெக்கானிக் போனையும் அதனிடமே விட்டுவிடலாம், கிண்டல்கூடப் புரியும் என்றான் கம்பெனிக்காரன். லிஃப்ட்காரர் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

கட்டிலில் பாதி ஆள்தான் கிடந்தாள். தலையில் முடி இல்லை. அந்த நிலையிலும் புது மிஷின் பற்றிக் கேள்வி கேட்டாள். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, சொல்லக்கூடாது என்று நினைத்ததையும் லிஃப்ட்காரர் கொட்டிவிட்டார்.

"அன்னைக்கு அவளை ஏன் உக்காரவெச்சீங்க? அதுக்கு என்னால உங்களை மன்னிக்க முடியல."

அவள் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "அன்னைக்கு அக்கா சாப்பிட்டாங்களா?"

"சாப்பிட்டா" என்றார் லிஃப்ட்காரர். எதனால் என்று அப்போதுதான் யோசித்தார். நாற்காலியைக் கட்டில் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஒரு உதவி பண்ணுங்கண்ணே" என்றாள். "இந்தத் தடவை நீங்களே போட்டுப் பாருங்க. அக்கா வீட்ல இல்லாதப்ப போடுங்க. இதுக்குப் புரிஞ்சிடும்னு நினைக்கிறேன். புரிஞ்சாலும் உங்க ஆளுங்க போனை அதுகிட்ட விடாதீங்க. அக்கா கேட்டா..." இருமல் வந்தது. அடங்கியபின், "எனக்காக ஒரு பொய் சொல்லிடுங்க" என்றாள்.

அந்த வாரமே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

சுடுகாடு வரைக்கும் போய்விட்டு வந்த மறுநாள், மனைவி கடைத்தெருவுக்குப் போன நேரம் பார்த்து லிஃப்ட்காரர் கதவைச் சாத்திக்கொண்டு போட்டார். தம்பி பேசியதை அவர் கேட்பது அதுதான் முதல்தடவை. தம்பி 'சீக்கிரம் அண்ணி' என்று சொல்லும் முன்னாலேயே மிஷின் குறுக்கே புகுந்தது. வாட்ச்மேனை இப்போதே அழைக்கிறேன், லைனிலேயே இருங்கள் என்றது.

அவர் மேஜையில் கை ஊன்றியபடி இருந்தார். கதவு திறந்தது. பையோடு நின்றாள் மனைவி. அவர் முகத்தைப் பார்த்தாள், மேஜைமேல் இருந்த போனைப் பார்த்தாள்.

"இந்தத் தடவையும் அப்படித்தானா?"

"அப்படித்தான்" என்றார். "சுத்த மக்கு மிஷின்."