லுவாங்வாவுக்கு இரண்டு வாரம் முன்னதாக

கணவனைப் பழிவாங்க இராஜேஸ்வரி அக்கா எடுத்துக்கொண்டது பதினோரு மாதம். அதில் பெரும்பகுதி கடிதம் எழுதுவதிலும் கார் ஓட்டப் பழகுவதிலும் போனது.

1974-இல் நானும் என் கணவரும் கோயம்புத்தூரிலிருந்து மெல்பர்னுக்கு வந்து நோபல் பார்க்கில் வீடெடுத்தபோது, அடுத்த வீட்டில் அக்கா தனியாக இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். ஆஸ்பத்திரியில் நர்ஸ். என்னைவிட ஐந்து வயது மூத்தவர். முதல் ஒரு வருஷம் அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

1975 செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, கையில் ஒரு ஏரோகிராமோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"பத்மா, என்ர மனுசன் கடிதம் போட்டிருக்கிறார்," என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்றுதான் முழுக்கதையும் சொன்னார்.

கணவன் பெயர் இந்திரகுமார். பூகோள ஆசிரியர். அவனை நான் பார்த்ததில்லை. அவன் என்று எழுத எனக்கு உரிமையும் இல்லை. ஆனால் மரியாதை கொடுக்க மனம் வரவில்லை. கல்யாணமாகி ஏழாவது மாதம், 1968 ஜனவரியில், ஜாம்பியாவுக்கு வாத்தியார் வேலைக்குப் போனான். ஆறு மாதத்தில் கூப்பிடுகிறேன் என்றான். ஒரு போட்டோ அனுப்பினான்: மணல் ஆற்றங்கரை, ஒரு ஜீப், தூரத்தில் யானைக் கூட்டம். பின்பக்கத்தில், "லுவாங்வா காடு. உன்னை இதிலே ஏற்றிக்கொண்டு போவேன்" என்று எழுதியிருந்தான். அதை நம்பி அக்கா யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரி வேலையை ராஜினாமா செய்தார். பெட்டி கட்டிவைத்தார்.

கடிதங்கள் குறைந்து, நின்றே போயின. அக்கா பதினான்கு கடிதம் போட்டார். பதில் இல்லை. லீவில் வந்த வேறொரு வாத்தியார்தான் சொன்னார், அவன் அங்கே இன்னொரு டீச்சரோடு குடும்பம் நடத்துகிறான் என்று. அக்கா திரும்ப வேலை கேட்டுப் போனபோது, தன்னிடம் பயிற்சி எடுத்த பெண்களுக்குக் கீழேதான் இடம் கிடைத்தது. "வெளிநாடு போகேல்லையோ?" என்று வார்டில் நோயாளிகள்கூடக் கேட்டார்கள். இதெல்லாம் பார்த்துக்கொண்டே அவருடைய அப்பா கண்ணை மூடினார். அதன்பிறகுதான் அக்கா மெல்பர்னுக்கு நர்ஸ் வேலைக்கு வந்தார்.

இப்போது யாரிடமோ விலாசம் வாங்கி எழுதியிருந்தான். அந்த டீச்சர் இங்கிலாந்துக்குப் போய்விட்டாள். ஜாம்பியாவில் செம்பு விலை விழுந்து, இவனுடைய ஒப்பந்தமும் அடுத்த ஆண்டோடு முடிகிறது. சட்டப்படி நீதானே என் மனைவி, என்னை ஆஸ்திரேலியாவுக்கு ஸ்பொன்சர் பண்ணு என்று கேட்டிருந்தான்.

"கிழிச்சுப் போடுங்கக்கா," என்றேன்.

"இல்லை. பதில் போடப்போறன்."

போட்டார். பழசையெல்லாம் விட்டுவிடுவோம், ஆனால் முதலில் அந்தக் காட்டை நான் பார்க்க வேண்டும், வண்டியை நானே ஓட்டிக்கொண்டு வருவேன், அதற்கான முழுத் திட்டத்தையும் நீங்கள் போட்டுத் தர வேண்டும் என்று எழுதினார். ஸ்பொன்சர் படிவத்தை அங்கே, காட்டு முகாமில், கையில் தருவேன் என்றும் சேர்த்தார்.

ஏழு வருஷமாகப் பேனா எடுக்காதவன் மறுதபாலிலேயே பதில் எழுதினான். அன்றைக்கு அக்கா சிரித்த சிரிப்பை நான் மறக்கவில்லை. சந்தோஷச் சிரிப்பு இல்லை அது.

பிறகு கேள்விமேல் கேள்வி. எந்த மாதம் நல்லது? மழைக்காலத்தில் காட்டுப் பாதையெல்லாம் சேறு, ஆகஸ்டில் வா, புல் காய்ந்து மிருகங்கள் ஆற்றோரம் வரும் என்று எழுதினான். பெட்ரோல் கடைசியாக எங்கே கிடைக்கும்? சிப்பாட்டா ஊரில், அதற்குப் பிறகு கிடையாது, இரண்டு கேன் நிரப்பிக்கொள். எத்தனை ஸ்பேர் டயர்? இரண்டு. ட்செட்சி ஈ கடிக்குமா? கடிக்கும், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஓட்டு. முகாமில் சாப்பாடு? அரிசி, பருப்பு, டின் மீன் நீதான் கொண்டுவர வேண்டும், சமைத்துத் தர ஆள் உண்டு. வரைபடத்துக்கு அளவு போடவில்லையே என்று அக்கா திருப்பி அனுப்பினார். அவன் மறுபடி வரைந்து அனுப்பினான். ஆற்றின் வளைவுகள் சரியாகத் தெரியவில்லை என்று அதையும் திருப்பினார். மூன்றாவது முறையும் வரைந்தான்.

"நல்லாத்தானே இருக்கு, அக்கா?"

"ஓம், நல்லாத்தான் இருக்கு. திரும்பத் திரும்பக் கீறட்டும்."

இதற்கிடையில் பத்திரிகை விளம்பரம் பார்த்து ஒரு பழைய லேண்ட் ரோவர் வாங்கினார். அதுவரை அவர் கார் ஓட்டியதே இல்லை. ஆஸ்பத்திரியில் அம்புலன்ஸ் ஓட்டிய ஒரு கிரேக்கர் லைசென்ஸ் எடுக்கும்வரை சொல்லிக்கொடுத்தார். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அக்காவும் கிப்ஸ்லாண்ட் மலைப்பக்கத்து மண்பாதைகளுக்குப் போவோம். நடுவழியில் நிறுத்தி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நல்ல டயரையே கழற்றித் திரும்ப மாட்டுவார். நான் கடிகாரம் பார்க்க வேண்டும். முதல்நாள் நாற்பது நிமிஷம். ஏப்ரலில் பதினாலு.

டிக்கெட் வந்தபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. துணைக்கு நானும் போவதாக ஏற்பாடு. பயணத்தேதி ஜூலை 30 என்றிருந்தது. அவனுக்கோ ஆகஸ்ட் 16 அன்று முகாமில் காத்திருக்கச் சொல்லியிருந்தார்.

"தேதி தப்பா இருக்குதேக்கா."

"பிழை இல்லை. அவர் வரேக்கை நான் பாத்து முடிச்சுப் போயிருப்பன்."

டிக்கெட்டைக் கீழே வைத்தேன். "அந்த மனுசனை இப்படி அலைய விடணுமா? வேண்டாம்னு ஒரு வரி எழுதினாப் போதாதா?"

அக்கா சமையலறை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்னை ஏழு வருசம் காக்க வைச்சவர். ஒரு வரி எழுதினவரோ? நீ வர விருப்பமில்லாட்டி வராதை. நான் தனியப் போவன்."

போனேன். பம்பாய், நைரோபி, லுசாக்கா. அங்கே வாடகைக்கு எடுத்த லேண்ட் ரோவரில் கிழக்கே இரண்டு நாள். எதிரே வந்த லாரிக்காரர்கள், சேலை கட்டிய பெண் ஓட்டுவதைப் பார்த்து ஹாரன் அடித்தார்கள். அவன் எழுதியபடியே எல்லாம் இருந்தது. பாலம் என்ற இடத்தில் பாலம். மணல் என்ற இடத்தில் மணல். பதினெட்டுப் பக்கத் திட்டம் என் மடியில் இருந்தது. நான் சத்தமாகப் படிக்க, அவர் ஓட்டினார்.

காட்டுக்குள் மூன்றாம் நாள் காலை, ஒரு வளைவில் திரும்பியதும் பாதையை அடைத்துக்கொண்டு ஒரு பெண் யானை. காலடியில் குட்டி. அது காதுகளை விரித்தது. அக்கா பிரேக்கை மிதித்தார்.

"என்ன எழுதியிருக்கிறார்? வாசி!"

நான் பக்கத்தைத் தேடிப் படித்தேன். "குட்டியோடு நின்றால் எஞ்சினை நிறுத்தாதே. ஹாரன் அடிக்காதே. நேராக, மெதுவாகப் பின்னுக்கு எடு."

அக்கா அப்படியே எடுத்தார். யானை பத்தடி ஓடிவந்து நின்று, தலையை உதறிவிட்டுப் புதருக்குள் இறங்கியது. நான் அழுதுவிட்டேன். அக்கா அந்தப் பக்கத்தை என்னிடமிருந்து வாங்கித் தானும் ஒருமுறை படித்தார்.

"சரியாத்தான் எழுதியிருக்கிறார்," என்றார் கடைசியில்.

மனம் மாறிவிட்டார் என்றே நினைத்தேன். முகாமில் அன்று மாலை அந்தப் பதினெட்டுப் பக்கத்தையும் மேஜையில் பரப்பி, சிவப்பு மை பேனாவை எடுத்தார். வாத்தியார் பரீட்சைத் தாள் திருத்துவதுபோலத் திருத்தினார். சரியான இடமெல்லாம் சரி அடையாளம் போட்டார். யானை வரிக்கு இரண்டு. சிப்பாட்டாவுக்கு அப்பால் தூரம் பன்னிரண்டு மைல் குறைவாகப் போட்டிருந்ததற்குச் சிவப்பில் ஒரு பெரிய பெருக்கல் குறி. கடைசிப் பக்கத்தின் அடியில், "ரோட்டு நல்லா இருந்தது. நான் வந்து போயிட்டன்" என்று எழுதினார். நிரப்பாத ஸ்பொன்சர் படிவத்தை அதோடு சேர்த்து உறையில் போட்டு, இந்திரகுமார் வந்தால் கொடுங்கள் என்று முகாம் மேலாளரிடம் கொடுத்தார். எட்டாம் தேதி கிளம்பிவிட்டோம்.

அக்டோபரில் அவனுடைய கடிதம் வந்தது. அக்கா படித்துவிட்டு என்னிடமும் நீட்டினார். பதினான்காம் தேதியே முகாமுக்குப் போயிருக்கிறான். பள்ளிக்கூடம் கொடுத்த வீட்டைக் காலிசெய்து, இரண்டு சூட்கேசோடு. மேலாளர் உறையைக் கொடுத்தபோது, ஒரு பெண் இவ்வளவு தூரம் ஓட்டி வந்திருக்க முடியாது, யாரோ விளையாடுகிறார்கள் என்று சண்டை போட்டிருக்கிறான். வருகைப் பதிவேட்டைக் காட்டியிருக்கிறார்கள். அதில் அக்கா தன் அப்பா பெயரைச் சேர்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தார். அப்போதும் நம்பாமல் பதினெட்டாம் தேதிவரை அங்கேயே உட்கார்ந்திருந்தானாம். கடிதத்தில் திட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. "இவ்வளவு வன்மமா?" என்று மட்டும் கேட்டிருந்தான்.

"பதில் போடுவீங்களா?"

"ஓம். டிவோர்ஸ் பேப்பர் அனுப்பவேணும்."

அனுப்பினார். அடுத்த வருஷம் நைஜீரியாவில் வேலை கிடைத்துப் போன இடத்திலிருந்து அவன் கையெழுத்துப் போட்டு அனுப்பினான்.

இங்கே இருந்த நாலைந்து யாழ்ப்பாணக் குடும்பங்களில் செய்தி பரவியது. சிலர் அக்காவை வீட்டுக்குக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். அவர் அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. வார்டு சிஸ்டர் ஆனார். லேண்ட் ரோவரை விற்கவில்லை. அதிலேதான் வேலைக்குப் போய்வந்தார்.

ஒருநாள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது வேலிக்கு மேலாகக் கேட்டேன். "செஞ்சதை நினைச்சு எப்பவாவது வருத்தப்பட்டீங்களாக்கா?"

ஒரு தலையணை உறையை உதறிக் கொடியில் போட்டு, இரண்டு பக்கமும் கிளிப் மாட்டிவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"ஒரு வருத்தம் இருக்கு. அந்த உறையைத் திறக்கேக்கை அவற்ர முகத்தைப் பாக்கேல்லை. ரெண்டு கிழமை லீவு கூடக் கேட்டு அங்கை நிண்டிருக்கலாம்."