மகளுக்குப் போய்ச் சேராத செய்தி

எனக்கு எழுத வராது. ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள். ஒன்றைச் சொல்ல வந்து வேறு பக்கம் போய்விடுவேன். இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. படிக்கிறவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஆள் முகத்தைப் பார்த்துப் பேசக் கூச்சப்படுகிறவள் என்பதால்தான் தாளில் எழுதுகிறேன்.

என் மகள் முப்பது வயதில் மறுபடியும் படிக்கப் போனாள். வாரநாளில் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை, சனி ஞாயிறில் கவுன்சலிங் மாஸ்டர்ஸ். மனக்கஷ்டத்தோடு வருகிறவர்களிடம் பேசுவதற்கு இவ்வளவு பெரிய படிப்பா என்று கேட்டேன்.

"பேசறதுக்கு இல்லம்மா. கேக்கறதுக்கு" என்றாள்.

புக்கிட் ரம்பாயில், தாமான் குடியிருப்பில் ஒரு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவள் அப்பா போய் நாளாகிவிட்டது. அதனால் படித்ததையெல்லாம் என்னிடம்தான் பழகிப் பார்ப்பாள். சமையல்கட்டில் நாற்காலியைக் கொஞ்சம் சாய்வாகப் போட்டு எதிரே உட்காருவாள். நேருக்கு நேர் போட்டால் விசாரணை மாதிரி இருக்குமாம்.

"உங்களுக்கு இன்னிக்கு எப்படி இருக்கு?"

"என்னடி திடீர்னு மரியாதை?"

"ம்மா! ஏதாச்சும் பிரச்சினை சொல்லுலா."

"முட்டி வலிக்குது."

"முட்டி வலி உங்களுக்கு ரொம்ப சிரமமா இருக்கு போல."

"அதத்தான்டி நானும் சொன்னேன். போய்த் தைலத்த எடு."

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு எனக்கு விளக்கிச் சொன்னாள். புத்தி சொல்லக் கூடாது, எதிரில் இருப்பவர் பேச்சை நிறுத்தினால் இவர்கள் அவசரப்பட்டு நிரப்பக் கூடாது, சொன்னதை வெளியே விடக் கூடாது. எல்லாவற்றையும்விடக் கஷ்டம், முதலில் தன் மனதைத் தான் பார்த்துக்கொள்வதாம். ஏன் இந்தப் படிப்புக்கு வந்தாய் என்று அவர்களுடைய ஆசிரியர் ஒரு கட்டுரை எழுதச் சொல்லியிருந்தார். அதை ஒரு நாள் கூடப் படிக்கும் பெண்ணுக்குப் போனில் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கொல்லையில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"எங்க அண்ணன் என்மேல கோபத்தோடயே போயிட்டான். கடைசியா நான் அவன்கிட்ட சொன்னது, இனிமே என்னைத் தங்கச்சின்னு சொல்லாதன்னு. அதுக்கு அப்புறம் அவன் எங்கூடப் பேசவே இல்ல. அதுதான் காரணம்னு எழுதிட்டேன்."

கையில் இருந்த துணி ஈரத்தோடு தரையில் விழுந்தது.

அவள் சொன்னது பொய். அவளுக்கு அது பொய் என்று தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும்.

என் மகன் அவளைவிட ஆறு வயது மூத்தவன். கோயில் திருவிழாவில் குடித்துவிட்டு வந்து, அவளுடைய சிநேகிதிகள் முன்னால் விழுந்து கிடந்தான். அன்று அவள் சொன்ன வார்த்தைதான் அது. மறுவாரமே அவன் துணிமணியை எடுத்துக்கொண்டு பத்து பெரண்டாம் என்ற ஊருக்குப் போனான். அங்கே ஒரு கிலாங்கில், ஃபேக்டரியில் வேலை, கூட வேலை செய்யும் பையன்களோடு ஒரு வாடகை வீடு. இரண்டு மாதம் போல இருக்கும். ஒரு நாள் சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் வீட்டுக்குப் போன் செய்தான். தங்கச்சியிடம் கொடு என்றான். அவளுக்கு மறுநாள் எஸ்.டி.பி.எம். சோதனை, யூனிவர்சிட்டியில் இடம் கிடைக்க எழுதுவது. கதவைச் சாத்திக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாள். "இப்பப் பேசி அவ மனசக் கலைக்காத. சோதனை முடியட்டும், அப்புறம் பேசு" என்று சொல்லிவிட்டேன். அவனும் வற்புறுத்தவில்லை.

விடிந்து ஷிப்டுக்குப் போகும் வழியில் அவன் மோட்டார் சைக்கிளில் லாரி மோதியது. அவ்வளவுதான்.

முதலில் அவள் சோதனையெல்லாம் முடியட்டும் என்று, அவன் போன் செய்ததைச் சொல்லாமல் இருந்தேன். பிறகு முப்பதாம் நாள் முடியட்டும் என்று. அதற்குப் பிறகு பயம். போனை ஏன் என்னிடம் கொடுக்கவில்லை என்று கேட்டால் நான் எங்கே போவேன்? இப்படியே பதினோரு வருடம் ஓடிவிட்டது. அண்ணன் கோபத்தோடு போனான் என்று அவள் பதினோரு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தையில் நான் அதை எடுத்துப் போட்டிருக்கலாம்.

அவள் சொன்னதைக் கேட்ட அன்றே, இனி இதை வைத்திருக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். ஆனால் வாய் வரவில்லை. அப்போதுதான் கூடப் படிக்கும் அந்தப் பெண் வந்தது. டவுனில் துணிக்கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம் வீட்டுப் பெண், நல்ல அடக்கம். பயிற்சிக்குத் தமிழில் பேசுகிற ஆள் அதற்குக் கிடைக்கவில்லை. சொந்தக்காரர்களை வைத்துப் பழகக் கூடாது என்பது அவர்கள் சட்டம். "எங்க அம்மாவக் கூட்டிட்டுப் போ. ஆனா வாயத் திறக்க மாட்டாங்க" என்றாள் என் மகள். நான் உடனே சரி என்றேன். என் மகளுக்கே ஆச்சரியம்.

என் மனதில் ஓடியது இதுதான். தோட்டத்தில் நாங்கள் லயத்து வரிசை வீட்டில் இருந்தபோது, முகத்துக்கு நேரே சொல்ல முடியாததைத் தண்ணீர் பிடிக்கிற பைப்படியில் சொல்லுவோம். மாமியாரிடம் சொல்ல வேண்டியதைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னால் போதும், ரப்பர் பால் நிறுத்துப் போட்டுவிட்டு வருவதற்குள் மாமியார் காதுக்குப் போயிருக்கும். அங்கிருந்து பதிலும் அதே வழியில் திரும்பி வரும். யாரும் யார் முகத்திலும் முழிக்க வேண்டியதில்லை. இந்தப் பெண்ணிடம் சொன்னால் மகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று நினைத்தேன்.

முதல் நாளே அது சொன்னது: "இங்க பேசறது இந்த ரூமுக்குள்ளயே இருக்கும் ஆன்ட்டி. யார் உயிருக்காவது ஆபத்துன்னா மட்டும்தான் வெளிய சொல்லுவேன்." ஒரு ஃபாரத்தில் கையெழுத்தும் வாங்கியது. நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பைப்படியிலும் எல்லாரும் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் காதைக் கொடுப்பார்கள்.

இரண்டாம் தடவை போனபோது சொன்னேன். போன் வந்தது, தங்கச்சியைக் கேட்டான், நான் கொடுக்கவில்லை, மறுநாள் செத்துப்போனான். நாலே வார்த்தை. அந்தப் பெண் ஐயோ என்று சொல்லவில்லை. விதி என்றும் சொல்லவில்லை. அப்படியே இருந்தது. வெகுநேரம் கழித்து, "பதினோரு வருஷமா இத நீங்க ஒருத்தரே வச்சிருந்திருக்கீங்க" என்றது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. என் புருஷன் செத்தபோதுகூட யாரும் என்னை அப்படி அழவிடவில்லை. நாலு பேர் சேர்ந்து அழாதே அழாதே என்றார்கள்.

வீட்டுக்கு வந்து மகளுக்குப் பிடித்த சுறாப்புட்டு செய்து வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

அவள் சாப்பிட்டாள். ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. அடுத்த வாரம் அண்ணன் படத்தைக் கூடத்துச் சுவரிலிருந்து கழற்றித் தன் அறைக்குள் கொண்டுபோனாள். தெரிந்துவிட்டது, அதனால்தான் என் கண்ணில் படாமல் எடுத்துக்கொண்டாள் என்று நினைத்தேன். கண்ணாடிக்குள் பூச்சி போயிருக்கிறது என்று அவள் சொன்னதை நான் நம்பவில்லை. அந்தப் பெண்ணோடு போனில் சிரித்துச் சிரித்துப் பேசுவாள். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தால் நான் தலையைக் குனிந்துகொள்வேன்.

"ஏம்மா ஒரு மாதிரி இருக்க?"

"ஒண்ணுமில்ல."

"அங்க என்ன பேசறன்னு நான் கேக்கக் கூடாது. ஆனா உடம்புக்கு முடியலன்னா சொல்லு."

கேட்கக் கூடாது என்பதைக்கூட அவள் என்னைக் குத்திக் காட்டச் சொல்வதாகவே எடுத்துக்கொண்டேன். ஒரு மாதம் இப்படி ஒரே வீட்டில் இருந்தோம். அவள் மன்னிக்கவில்லை என்று எனக்கு முடிவே ஆகிவிட்டது.

கடைசித் தடவை அந்தப் பெண்ணிடம் கேட்டுவிட்டேன். "அவ என்னம்மா சொன்னா?"

"யாரு ஆன்ட்டி?"

"எம் மகதான். நீ சொன்னதுக்கு என்ன சொன்னா?"

"நான் சொல்லவே இல்லையே ஆன்ட்டி. சொல்லக் கூடாது. அவங்க நேர்ல கேட்டாக்கூட சொல்ல மாட்டேன்."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. "பின்ன எதுக்கு உங்கிட்ட சொன்னேன்? கேட்டுக் கேட்டுப் பொட்டிக்குள்ள வச்சுக்கவா?" என்று கத்திவிட்டேன். அது அழவில்லை, எதிர்த்தும் பேசவில்லை. "அவங்களுக்குத் தெரியணும்னு நீங்க ரொம்ப ஆசப்பட்டிருக்கீங்க. அத நான் அன்னிக்கே கேட்டிருக்கணும்" என்றது. பிறகு மெதுவாக, "அவங்ககிட்ட நீங்களே சொல்றதுக்கு எது தடுக்குது?" என்று கேட்டது. நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அந்தப் பெண்மேல் ஒரு குற்றமும் இல்லை. அது படித்ததைச் சரியாகச் செய்தது.

அன்று மத்தியானமே சொன்னேன். மகள் சமையல்கட்டில் நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். நின்றுகொண்டே சொல்லி முடித்தேன். கிள்ளிக்கொண்டிருந்த கை நின்றது. முதலில் படித்த மாதிரியே கேட்டாள். குறுக்கே வரவில்லை, ம் ம் என்று தலையை ஆட்டினாள். பிறகு ஒரேயடியாக உடைந்தாள்.

"எனக்கு இப்பக் கவுன்சலரா உக்கார முடியலம்மா" என்றாள். "என்ன சொன்னான்? அப்படியே சொல்லு. அவன் வார்த்தைய அப்படியே சொல்லு."

"தங்கச்சிகிட்டக் குடும்மான்னு…"

"தங்கச்சின்னா சொன்னான்? இல்ல பாப்பான்னா?"

தங்கச்சி என்று சொன்னான் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் வீட்டில் அவன் பாப்பா என்றுதான் கூப்பிடுவான். நான் கொடுக்கமாட்டேன் என்றதும், சரிம்மா, நான் வந்தே பேசிக்கறேன் என்றானா? இல்லை, சரிம்மா, அவளே பேசட்டும் என்றானா? பதினோரு வருடம் யாரிடமும் சொல்லாமல் உள்ளேயே புரட்டிப் புரட்டி, எது அவன் சொன்னது, எது நான் சேர்த்தது என்று பிரிக்க முடியவில்லை. இரண்டையும் சொன்னேன். அவள் நெத்திலித் தட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே போய்க் காருக்குள் உட்கார்ந்துகொண்டாள்.

அவள் என்னை ஏசவில்லை. சாப்பாடு போடுகிறாள், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறாள். மன்னித்தாயா என்று கேட்க எனக்கு வாயில்லை. அவளும் இப்போது வேறொருவரிடம் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வருகிறாள். என்ன பேசுகிறாள் என்று எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. தேநீர் குடிக்கும்போது திடீரென்று, "குரல் எப்படி இருந்துச்சு? குடிச்சிருந்தானா?" என்று கேட்பாள். இல்லை, தெளிவாக இருந்தான் என்பேன். அது மட்டும் எனக்கு நிச்சயம்.

தன் போனில் காசு இல்லை என்று கூட வேலை செய்யும் ஒரு பையனின் போனிலிருந்து அன்று பேசினான். ஷிப்டுக்குப் போகும்போது லாரி மோதி இறந்த அவனைத் தெரிந்த, பத்து பெரண்டாம் வாடகை வீட்டில் அவனோடு இருந்த யாராவது இதைப் படித்தால், அந்தப் போனைக் கொடுத்த பையன் படித்தால் இன்னும் நல்லது, நான் எழுதியிருப்பதைச் சரிபாருங்கள். அவன் தங்கச்சி என்றானா, பாப்பா என்றானா, போனை வைத்த பிறகு என்ன சொன்னான் என்று ஞாபகம் இருந்தால் சொல்லுங்கள். என்னிடம் சொல்ல வேண்டாம். என் மகளிடமே நேராகச் சொல்லுங்கள்.