சில்லுச் சப்பாத்துக் கழகத்தின் கடைசி விதி

அந்தச் சத்தத்தை முதன்முதலாகக் கேட்டபோது அரிசி ஆலையில் ஏதோ இயந்திரம் பழுதாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆலை வேலை ஓய்ந்து பூட்டிக் கிடந்த மாலை நேரம். வாய்க்கால் கட்டால் வீட்டுக்கு நடந்து வந்துகொண்டிருந்தேன். இரும்பு சீமெந்தில் உரசிக்கொண்டு ஓடுவதுபோல ஒரு சீரான இரைச்சல் எழும், சற்று ஓயும், திரும்பவும் எழும். ஆலையின் பின்புற வேலியால் எட்டிப் பார்த்தேன். நெல் காயப்போடும் தளத்தில் ஒரு பெண் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். நடக்கவும் இல்லை, ஓடவும் இல்லை. கைகளை விரித்து, ஒரு காலைப் பின்னே தூக்கி, மற்றக் காலில் வழுக்கிக்கொண்டு தளத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போனாள். விளிம்புக்கு வந்ததும் அப்படியே திரும்பிப் பின்பக்கமாக வந்தாள். அப்போதுதான் அவளுடைய சப்பாத்துகளின் அடியில் சில்லுகள் இருப்பதைக் கண்டேன்.

கிளிநொச்சிக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் குடியேற்றத் திட்டத்துக்கு அவளும் தகப்பனாரும் வந்து அப்போது ஒரு போகம்கூட முடியவில்லை. தகப்பனார் மலாயாவில் ரயில்வே எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் எல்லோரும் அவரைப் பென்சனியர் என்றே சொல்வோம். மனைவி மலாயாவிலேயே இறந்துபோனதால் மகளை மட்டும் கூட்டிக்கொண்டு வந்து, காணி எடுத்து, நெல் விதைக்கப் பழகிக்கொண்டிருந்தார். மகள் அங்கேயே பிறந்து வளர்ந்தவள். அங்கே நகரத்து மண்டபம் ஒன்றில் சில்லுச் சப்பாத்து ஆடும் பெண்களின் கழகத்தில் இருந்தாளாம். அந்தக் கழகம் கலைந்தபோது பொதுச் சப்பாத்துகளை யார் வைத்திருப்பது என்ற கேள்வி வந்தது. கப்பலேறப் போகிறவள் கொண்டுபோனால் தங்களுக்குள் பிணக்கு வராது என்று எல்லாவற்றையும் பெட்டியில் அடைத்து இவளிடமே கொடுத்துவிட்டார்களாம். அவை மண்ணிற, உரமான தோற்சப்பாத்துகள். சிறிதும் பெரிதுமாகப் பல அளவுகளில் இருந்தன. அவளுடைய சொந்தச் சோடி மட்டும் வெள்ளை.

என்னைவிட நாலைந்து வயது மூத்தவள் என்பதால் நான் அக்கா என்றேன். பிறகு கழகம் தொடங்கியதும் எல்லோருக்கும் அவர் செயலாளர் அக்கா ஆகிவிட்டார். இன்றைக்கும் எனக்கு அந்தப் பெயர்தான் முதலில் வருகிறது.

கழகம் வேண்டுமென்று யாரும் திட்டமிடவில்லை. வேலியோரம் நின்று பார்த்த பெட்டைப் பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சப்பாத்தைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். ஒருத்தி வர, அவளுடைய தங்கை வர, பள்ளிக்கூடத்தில் கதை பரவிவிட்டது. ஆலை முதலாளியின் மகளும் வந்ததால் தளத்துக்கும் தடையில்லாமற் போயிற்று. ஆனால் பென்சனியருக்கு ஒழுங்கில்லாத எதுவும் பிடிக்காது. "கூட்டமாச் சேர்ந்தால் யாப்பு வேணும் பிள்ளை, எழுதின விதி வேணும். யாப்பில்லாட்டி அது கழகமில்லை, சந்தை," என்றார். அவர் தலைவர், மகள் செயலாளர். படிப்பு முடித்து ஆசிரியர் நியமனத்துக்குக் காத்திருந்த என்னை, கையெழுத்து அழகாக இருக்கிறது என்று நிர்வாகக் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள்.

விதிகளை எழுதிய அந்த நாள்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. பென்சனியர் கதிரையில் இருந்து சொல்லுவார், நான் எழுதுவேன், அக்கா குசினிக்குள் சமைத்தபடியே அவர் சொல்வதை வெட்டிப் பேசுவார். "உறுப்பினர் அடக்க ஒடுக்கத்துடன் நடந்துகொள்ளல் வேண்டும்" என்று அவர் சொன்னால், "அடக்கமா எப்பிடியப்பா சில்லில ஓடுறது? எல்லாரும் ஒரே பக்கமாச் சுத்தவேணும் எண்டு எழுதுங்கோ. இல்லாட்டி முட்டுப்பட்டுப் பல்லு உடையும்," என்று உள்ளிருந்து குரல் வரும். அப்படித்தான் ஒவ்வொன்றும் உருவானது. விழுந்தவளைப் பார்த்துச் சிரிப்பவள் அன்றைக்குச் சப்பாத்தைக் கழற்றிவிட வேண்டும். சொந்தமாக மேசு, அதாவது காலுறை, போடாமல் பொதுச் சப்பாத்துக்குள் கால் வைக்கக்கூடாது. தாய் தகப்பன் தளத்துக்கு வெளியே இருந்து பார்க்கலாம், ஆனால் தங்கள் பிள்ளையையோ பிறர் பிள்ளையையோ சத்தம்போட்டுத் திருத்தக்கூடாது. இந்த விதிக்குத்தான் ஊரில் ஆகக் கூடுதலான எதிர்ப்பு இருந்தது.

சேர்வதற்கான விதி சிறியது. பத்து வயது நிரம்பியிருக்க வேண்டும், தாய் அல்லது தகப்பன் சம்மதம் தர வேண்டும். கையெழுத்து என்று நான் எழுதியபோது அக்கா வந்து பார்த்து, "பெருவிரல் அடையாளமும் போதும் எண்டு போடு," என்றார். விதிகளை மாற்றுவதென்றால் உறுப்பினர் எல்லோரையும் கூட்டி, மூன்றில் இரண்டு பங்கினரின் கை உயர வேண்டும் என்பது பென்சனியர் சேர்த்தது. உறுப்பினர் எல்லோரும் பள்ளிக்கூடப் பெட்டைகள் என்பதை அப்போது அவர் யோசித்தாரோ தெரியாது.

தளத்தில் ஒரு நெல்மணி கிடந்தாலும் போதும், சில்லு அதில் இறுகி ஆள் குப்புற விழுவாள். ஆகவே ஒவ்வொரு மாலையும் நெல்லை அள்ளிய பிறகு தளத்தைக் கூட்டித் துப்புரவாக்க வேண்டியிருந்தது. அந்த வேலையை ஆலையில் கூலிக்கு நின்ற ஒரு பெண் செய்தாள். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த குடும்பம் அவளுடையது. ஆலை வளவின் கடைசியில் ஒரு கொட்டிலில் இருந்தார்கள். அவளுக்குப் பன்னிரண்டு வயதளவில் ஒரு மகள். தாயோடு சேர்ந்து கூட்டுவாள், பிறகு நெல்மூட்டையில் ஏறியிருந்து பார்ப்பாள்.

ஒருநாள் தாய் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு அக்காவிடம் வந்தாள். "அம்மா, இவளையும் சேத்துக்குவீங்களா? ராவெல்லாம் இதே பேச்சா இருக்கா," என்றாள். அக்கா வயதைக் கேட்டார். மேசு இருக்கிறதா என்று கேட்டார். இல்லையென்றதும் தம்முடையதில் ஒரு சோடியை எடுத்து வரச்சொல்லி என்னை வீட்டுக்கு அனுப்பினார். நான் திரும்பி வந்தபோது தாயின் பெருவிரல் மையோடு இருந்தது. மகள் மண்ணிறச் சோடியொன்றைப் போட்டுக்கொண்டு எழுந்து நின்றாள், விழுந்தாள், திரும்ப எழுந்தாள். மற்றப் பெட்டைகள் முதல் நாள் எப்படி விழுந்தார்களோ அப்படியேதான் அவளும் விழுந்தாள். சிறப்பாகச் சொல்ல எதுவுமில்லை. சிரித்ததற்காக ஒருத்தி சப்பாத்தைக் கழற்ற வேண்டி வந்தது.

அடுத்த நாள் மாலை பாதிப் பேர்தான் வந்தார்கள். அதற்கடுத்த நாள் முதலாளியின் மனைவி பென்சனியர் வீட்டுக்கே வந்துவிட்டா. நானும் அங்கே இருந்தேன்.

"பிள்ளை, உம்மில எங்களுக்குக் கோவமில்லை. ஆனா உந்தச் சப்பாத்துக்குள்ளதானே எங்கட பிள்ளையளும் கால் வைக்குதுகள்?"

"மேசு போட்டுத்தானே போடுகினம்," என்றார் அக்கா.

"மேசு போட்டாப்போல சாதி மாறிடுமோ?"

அக்கா எழுந்து குசினிக்குள் போனார். தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். முதலாளியின் மனைவி அதைக் குடிக்காமலே போனா.

அன்று தகப்பனுக்கும் மகளுக்கும் நடந்த கதை எனக்குப் பெரிதாகப்பட்டது, ஏனென்றால் அதுவரை அவர்கள் விதிகளைப் பற்றி மட்டுமே சண்டை பிடித்தவர்கள். பென்சனியரின் நெல் அந்த ஆலைக்குத்தான் போகவேண்டும். தளமும் முதலாளியுடையது. "அவளை நிப்பாட்டச் சொல்லேல்லை. அவளுக்கெண்டு ஒரு சோடியைத் தனிய ஒதுக்கிவிடு. அவளும் ஓடுவாள், அவையளும் வாயை மூடுவினம்," என்றார்.

"அப்பிடி ஒரு விதி இல்லையேயப்பா."

"இல்லாட்டி எழுதுவம்."

"எழுதுங்கோ. ஆனா நீங்கள் சொன்ன மாதிரிக் கூட்டம் வைச்சு, கை உயர்த்தி."

பென்சனியர் தாம் எழுதிய விதியைத் தாமே மீற முடியாமல் ஒப்புக்கொண்டார். எதையும் பொதுப்படையாக எழுதிப் பழகியவர் அவர். சாதி என்றோ கூலி என்றோ ஒரு சொல்லும் வராமல் திருத்தத்தைச் சொன்னார்: "நிர்வாகம் தேவை கருதி எந்த ஓர் உறுப்பினருக்கும் ஒரு சோடியைத் தனியாக ஒதுக்கலாம். ஒதுக்கப்பட்ட சோடியை வேறெவரும் அணியக்கூடாது." நான் அதை எழுதினேன்.

கூட்டம் தளத்திலேயே நடந்தது. பெட்டைகள் சீமெந்தில் வரிசையாக இருந்தார்கள். தாய்மார் வெளியே நின்றார்கள், முதலாளியும் நின்றார். விதிப்படி ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆனால் பிள்ளைகள் கை உயர்த்துமுன் திரும்பித் திரும்பித் தாய்மாரைப் பார்த்தார்கள். கைகள் உயர்ந்தன. கொட்டில் பெட்டையும் சுற்றிப் பார்த்துவிட்டுத் தானும் உயர்த்தினாள். எதற்கு என்று அவளுக்கு விளங்கியிருக்காது. அக்கா கைகளை எண்ணி, திருத்தம் நிறைவேறியது என்று அறிவித்தார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

பிறகு தமது சப்பாத்துப் பையைத் திறந்து வெள்ளைச் சோடியை எடுத்தார். அந்தப் பெட்டையை முன்னே கூப்பிட்டு, நுனியில் பஞ்சு அடைத்து, அவளுடைய காலில் தாமே கட்டிவிட்டார். "இது இனி உனக்கு ஒதுக்கினது. வேற ஒருத்தரும் போடேலாது. நானும் போடேலாது," என்றார். தாய்மார் பக்கம் அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. பிறகு முதலாளி தமது சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு அக்கா சில்லில் ஏறவில்லை. மண்ணிறச் சோடிகள் பிள்ளைகளுக்கே போதாமல் இருந்தன, ஒரு சோடிக்கு இருவர் மூவர் காத்து நிற்பார்கள். அக்கா வெறுங்காலோடு தளத்தின் நடுவில் நின்று, எப்படிச் சாய வேண்டும், எங்கே முழங்காலை மடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். சில வேளைகளில், சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருடைய கைகள் தாமாக விரிந்துவிடும். உடனே மடித்துக்கொள்வார். நான் ஒருமுறை கேட்டேன்: "அக்கா, இப்பிடிச் செய்தால் அந்தத் தாய்மாருக்குச் சுடும் எண்டு தெரிஞ்சுதானே வெள்ளையைக் குடுத்தனீங்கள்?"

"இல்லையடி. வேற எதைக் குடுக்கிறது? மண்ணிறத்தில ஒண்டை எடுத்தால் ரெண்டு மூண்டு பிள்ளையள் ஓடாமல் நிக்குங்கள். என்ரைதான் ஒருத்திக்கும் நட்டமில்லாதது."

உண்மையில் யாருக்குச் சுட்டது என்றால் பெட்டைகளுக்குத்தான். தாங்கள் முறைக்குக் காத்து நிற்க, ஒருத்தி மட்டும் நினைத்த நேரம் வெள்ளைச் சப்பாத்தோடு தளத்தில் இறங்குவதை எத்தனை நாளைக்குப் பார்ப்பார்கள்? அவளும் அதை மறைக்கவில்லை. கூட்டி முடித்ததும் கால் கழுவி, பழந்துணியால் சப்பாத்தைத் துடைத்து, சில்லுகளுக்குத் தேங்காயெண்ணெய் விட்டு, எல்லோரும் பார்க்கக் கட்டுவாள். முதலில் முதலாளியின் மகள்தான் வாய்விட்டுக் கேட்டாள், அந்தச் சோடியைத் தானும் ஒருதரம் போடலாமா என்று. அக்கா விதியைக் காட்டினார். அவள் வீட்டில் போய் அழுதிருக்கிறாள். மழைக்காலம் தொடங்குமுன் முதலாளியின் மனைவி திரும்பவும் பென்சனியர் வீட்டு வாசற் படலையில் நின்றா.

"என்ன ஞாயம் இது? ஒருத்திக்கு மட்டும் தனிச் சோடி. மற்றப் பிள்ளையள் பிள்ளையள் இல்லையோ?"

பென்சனியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்கள் கேட்டதுதானே அம்மா," என்றார். அவர் மகள் பக்கம் சாய்ந்து பேசி நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

திரும்பவும் கூட்டம் வைத்தோம். திருத்தத்தை நீக்க வேண்டும், எல்லாச் சோடிகளும், வெள்ளை உட்பட, முறைவைத்து எல்லோருக்கும் பொது என்பது தீர்மானம். இந்த முறை பெட்டைகள் தாய்மாரைத் திரும்பிப் பார்க்கவில்லை. சில தாய்மார் வரவும் இல்லை. எல்லாக் கைகளும் ஒரே நேரத்தில் உயர்ந்தன, ஒன்றைத் தவிர. கொட்டில் பெட்டை கைகளைச் சப்பாத்தின் மேல் வைத்துக்கொண்டு குனிந்து இருந்தாள். முதல் கூட்டத்தில் விளங்காதது அவளுக்கு இப்போது நன்றாக விளங்கியிருந்தது.

அக்கா அவளுக்கு முன்னால் போய்க் குந்தினார். "நீ எதிரோ?"

அவள் தலையை ஆட்டினாள்.

"சரி. எதிர் ஒண்டு எண்டு எழுது," என்று என்னிடம் சொன்னார். எழுதினேன். பிறகு அக்காவே நாடாக்களை அவிழ்த்தார். அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை, உதவவும் இல்லை. அடைத்திருந்த பஞ்சை எடுத்துத் தன் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். வெள்ளைச் சோடி பொதுப்பெட்டிக்குள் போனது. அன்றைக்கே முதலாளியின் மகள் அதைப் போட்டு ஓடினாள். அடுத்த நாள் மண்ணிறச் சோடியொன்றில் கொட்டில் பெட்டை ஓடினாள். அவள் கழற்றியதை வேறொருத்தி போட்டாள். வெள்ளையின் முறை அக்காவுக்கும் வந்தது. அப்போது தளத்தை விட்டு எல்லோரும் இறங்கி நின்று பார்த்தோம்.

எனக்கு நியமனம் கிடைத்து வவுனியாப் பக்கம் போனேன். அக்கா கலியாணம் செய்து மட்டக்களப்புக்குப் போய்விட்டார். அவர் போனபின் கழகம் ஒரு வருடமாவது நடந்திருக்கும், பிறகு சில்லுகள் தேய்ந்து நின்றுவிட்டது. அந்தக் கழகத்தை யாரிடம் சொன்னாலும் நான் அந்த இரண்டாவது கூட்டத்தோடுதான் முடிப்பேன். நியாயம் வென்ற கதையாகவே எனக்கு அது இருந்தது.

சில ஆண்டுகளின் பின் கனகராயன்குளத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது, இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் என்னை உற்றுப் பார்த்து, "டீச்சர், எழுதுற அக்காதானே நீங்க?" என்றாள். அவள்தான், அந்தக் கொட்டில் பெட்டை. புருசன் அங்கே ஒருவருடைய வயலில் வேலை செய்கிறானாம். தாய் இறந்துவிட்டாளாம். செயலாளர் அக்காவைப் பற்றி ஆசையோடு விசாரித்தாள். அவர் அன்றைக்குச் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று நான் சொல்லத் தொடங்கினேன். ஒரே பெட்டி, ஒரே சப்பாத்து, ஊர் முழுக்க வாயடைத்துப் போனது என்றெல்லாம் சொன்னேன்.

அவள் சிரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு குழந்தையை மற்ற இடுப்புக்கு மாற்றினாள்.

"அதெல்லாம் சரிதான் டீச்சர். ஆனா எனக்குன்னு இருந்தது அது ஒன்னுதான். அதையும் எல்லாரும் சமம்னு சொல்லி வாங்கிட்டீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. நான் ஏறவேண்டிய பஸ் வந்து நின்றது. என் பையைத் தூக்கி உள்ளே தந்துவிட்டு, பஸ் புறப்படும்வரை அவள் அங்கேயே நின்றாள்.