சவ்வில் வாசல் இருந்ததாம், பரஞ்சோதி சார்

பரஞ்சோதி சார் போய்விட்டாராம். லண்டனில். பேத்தி காலையில் போனில் காட்டினாள்.

இரண்டு முறை வாசித்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை.

இதை வாசிக்கிற உங்களில் யாருக்கும் அவரைத் தெரியாது. அறுபது, அறுபத்தொன்று வாக்கில் தெமோதரைப் பக்கம் எங்கள் தோட்டத்து ஸ்டோருக்கு வந்த யாழ்ப்பாணத்து மனிதர். தேயிலைத் தொழிற்சாலையைத்தான் நாங்கள் ஸ்டோர் என்போம். கொழுந்து வாடும்போது அதன் செல்லைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வுக்கு என்ன நடக்கிறது... அதுதான் அவருடைய ஆராய்ச்சி.

எனக்கு ஸ்டோர் மேல்மாடியில் கொழுந்து வாட்டுகிற வேலை. அவருக்கும் எனக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. ஒத்தாசைக்கு என்னைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இலைத் துண்டுகளைச் சுத்தமான தண்ணீரில் போட்டு வைப்போம். சவ்வு நல்லபடி இருந்தால் உள்ளே உள்ள உப்பு வெளியே வராது. கெட்டால் கசியும். கம்பியை அந்தத் தண்ணீரில் விட்டால் மீட்டர் உப்பைக் காட்டிக் கொடுத்துவிடும்.

இலையைக் கழுவ மட்டும் விடமாட்டார். கழுவினால் வாடிய இலை தண்ணீர் குடித்துவிடும் என்பார்.

வெயில் நாளில் கணக்கு சரியாக வரும். மழை பெய்தால் போச்சு. அப்போதுதான் கிள்ளி வந்த பச்சைக் கொழுந்துகூட, செத்த இலை மாதிரி கசியும். மனிதர் சாப்பிடாமல் கிடந்தார்.

ஒரு மழைநாள் என்னோடு அவரும் மலைக்கு ஏறினார். காலில் அட்டை. அவர் போட்ட சத்தம் பள்ளத்தில் நாங்கள் குடியிருக்கும் லயத்து வீடுகள் வரைக்கும் கேட்டிருக்கும்.

எங்களுக்கு சாம்பிள் கொழுந்து எடுத்துத் தருகிற முனியம்மாக்கா ஓடி வந்தார். "கத்தாதீங்க சார். அட்டைதான், சிறுத்தை இல்ல." மழை நாளில் அட்டைக்கென்று இடுப்பில் முடிந்து வைத்திருக்கும் உப்பை எடுத்துத் தேய்த்தார். அட்டை சுருண்டு விழுந்தது.

சார் அட்டையைப் பார்க்கவில்லை. அக்காவின் விரல்களைப் பார்த்தார்.

"அக்கா... எனக்குக் கொழுந்து எடுக்கிறதும் இந்தக் கையாலதானோ?"

"வேற கையா இருக்கு எனக்கு?"

சார் அப்படியே ஈரத்தில் உட்கார்ந்து சிரித்தார். "மழை நாளெல்லாம் சவ்வு கெட்டுப் போச்சு எண்டு எழுதி வச்சிருக்கிறன். எல்லாம் உங்கட கையில இருந்து இலையில ஒட்டின உப்பு!"

"எங்க உப்பு இல்லேன்னா இந்நேரம் ஒங்க ரத்தம் போயிருக்கும்" என்றார் அக்கா.

அன்றைக்குத்தான் சார் எனக்கு விளக்கிச் சொன்னார். வெளியே உப்பு கூடினால் உள்ளே இருக்கும் தண்ணீர் சவ்வு வழியே வெளியேறிவிடும். அட்டைக்கும் அதே கதி, இலைக்கும் அதே கதி. சவ்வு என்பது வெறும் சுவர் இல்லை. சிலதை விடும், சிலதை விடாது. நடுவில் கொழுப்பு, இரண்டு பக்கமும் புரதம் பூசினாற்போல் என்றார்.

"எதை விடுறதுன்னு யாரு சார் முடிவு பண்றது?"

"அதுதான் தெரியேல்லை. அதைத்தான் தேடுறம்."

எனக்கும் தேடவேண்டும் போல இருந்தது. அவருடைய ஆராய்ச்சிக்கூடத்தில் உதவியாள் வேலை ஒன்று காலியாக இருந்தது. என்னைத்தான் எடுக்கவேண்டும் என்று அவர் சொல்லியும் வைத்தார். அரசாங்க வேலை. இந்த நாட்டுப் பிரஜையாக இருக்கவேண்டும்.

நாற்பத்தெட்டில் சட்டம் போட்டுத் தோட்டத்துத் தமிழர்களான எங்களை எந்த நாட்டுப் பிரஜையும் இல்லாதவர்களாக ஆக்கியிருந்தார்கள். பிறகு பிரஜாவுரிமை கேட்டுக் கொடுத்த மனுவையும் தள்ளிவிட்டார்கள். இருந்தாலும் அப்பா இங்கே பிறந்தவர் என்று ஒரு கடிதம் கேட்டு, தோட்டத்துப் பெரிய கிளாக்கரிடம் போய் நின்றேன். ஸ்டோரிலேயே அவர் மேசை.

"அப்பன் எங்க பொறந்தான்?"

"இதே தோட்டத்து லயத்துல."

"எந்த லயம்? காட்டு."

"அத இடிச்சுட்டுத்தான் இந்த ஸ்டோர் கட்டுனாங்க. நீங்க ஒக்காந்திருக்கீங்களே, அங்கதாங்க."

அவர் சிரித்தார். மற்றவர்களையும் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தார். கடிதம் தரவில்லை. இன்றைக்கும் எனக்கு அதில் சிரிக்க ஒன்றும் தெரியவில்லை.

ஆராய்ச்சி முடிந்து சார் போகும்போது தெமோதரை ஸ்டேஷன் வரைக்கும் பெட்டி தூக்கிப் போனேன். தடித்த இங்கிலீஷ் புத்தகம் ஒன்றை என் கையில் வைத்தார். "யோசியாதையும். ஒரு வழி செய்து உம்மைக் கூப்பிடுவன்."

ரயில் போனது. நான் திரும்பி நடந்தேன். மறுநாள் மேல்மாடி. அதற்கு மறுநாளும்...

அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தப் புத்தகத்தைப் படித்து முடித்தேன். யாரும் சொல்லித் தரவில்லை. பிரஜாவுரிமை கிடைத்தபோது தலை நரைத்திருந்தது. இத்தனை வருஷத்தில் லயத்துக் கூரைத் தகரம் மட்டும் ஒரு தடவை மாற்றினார்கள்.

போன வருஷம் பேத்தி எப்படியோ அவரைத் தேடிப் பிடித்துப் போன் போட்டுக் கொடுத்தாள். அவர் முதலில் சொன்னதே இதுதான்.

"புரதம் ரெண்டு பக்கமும் பூசினமாதிரி எண்டு சொன்னன், நினைவிருக்கோ? பிழை. அது சவ்வுக்குள்ளயே ஊடுருவி நிக்குது. வாசல் மாதிரி. அதாலதான் போய் வருகுதுகள்."

"அது எப்பவுமே இருந்துச்சா சார்?"

"ஓம். எப்பவும் இருந்தது. எங்களுக்குத்தான் தெரியேல்லை."

"சரி. கூப்பிடுறேன்னு சொன்னீங்களே சார்?"

 

அதற்கு அவர் கேட்டார், "அங்க மழையோ?"

"மழைதான்."

அவ்வளவுதான் பேசினோம்.

"நல்ல மனுஷன்னு போடுங்க தாத்தா" என்கிறாள் பேத்தி. நல்ல மனுஷன்தான். போட்டுவிட்டேன். ஆனால் கூப்பிடவில்லை. அதையும் போடுகிறேன்.

போயிட்டு வாங்க சார். இந்தத் தடவையும் நான் இங்கேயேதான் நிக்கிறேன்.